குளிராடை நூலில் பிறந்த கார்பன் இழை

பூப்பந்து மட்டையில் இருக்கும் கார்பன் இழையும் குளிராடை பின்னும் அக்ரிலிக் நூலும் ஒரே குடும்பம் என்றால் பலர் நம்பமாட்டார்கள்.

1879-இல் எடிசன் பருத்தி நூலைக் கரியாக்கி விளக்கெரித்தார். அந்த இழை தொட்டாலே நொறுங்கும். 1950-களின் இறுதியில் அமெரிக்காவின் யூனியன் கார்பைடு நிறுவனம் ரேயான் நூலைக் கருக்கியது. ஆனால், எடையில் சுமார் கால் பங்குதான் தேறியது. இச்செய்தியை 1959-இல் நாளிதழில் படித்தார், ஒசாகா அரசு ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த அகியோ ஷிண்டோ. அக்ரிலிக் நூலை எடுத்தார். பாதி எடை கரியாக மிஞ்சியது!

நேரே தீயில் காட்டினால் நூல் உருகிவிடும். முதலில் 200 முதல் 300 பாகை வரை காற்றில் பதமாகச் சூடாக்க வேண்டும். வெள்ளை நூல் மஞ்சளாகி, பழுப்பாகி, கறுக்கும். பிறகு நைட்ரஜன் வாயுவில் 1000 பாகைக்கு மேல் சூடேற்றினால் மற்றவை ஆவியாகிக் கார்பன் மட்டும் தங்கும். சூட்டில் நூல் சுருங்காதபடி இழுத்துப் பிடித்தால் வலிமை பெருகும் என்று 1960-களில் காட்டியது இங்கிலாந்தின் பார்ன்பரோ ஆய்வகம்.

அந்த நம்பிக்கையில் ரோல்ஸ்-ராய்ஸ், விமான இயந்திர விசிறியையே இவ்விழையால் செய்தது. பறவை மோதும் சோதனையில் தகடுகள் சிதறின. செலவு கட்டுமீறி, 1971 பிப்ரவரியில் நிறுவனமே நொடித்தது. பழி முழுவதும் இழைமேல் இல்லைதான். அதே ஆண்டு ஜப்பானின் டோரே வணிக உற்பத்தியைத் தொடங்கியது. தூண்டில் கம்பு, கோல்ஃப் மட்டை என்று சிறுகச் சிறுக விற்றது. 2011-இல் பயணிகளை ஏற்றத் தொடங்கிய போயிங் 787-இன் எடையில் பாதி, இத்தகைய கலப்புப் பொருள்.