தயிர்ச்சட்டியும் பழ மண்டபமும்

பழம் விற்கும் ஒரு கடைக்குள் காலடி ஓசை கேட்காமல் நடந்த அனுபவம் உங்களுக்கு உண்டா, நேயர்களே? எனக்கு ஒருமுறை வாய்த்தது. யப்பானில், டோக்கியோ மாநகரின் நிஹோன்பாஷிப் பகுதியில் உள்ள செம்பிக்கியா என்னும் பழக்கடையில். நகைக்கடை போன்ற ஒளி. பட்டுத் துணியில் வைக்கத்தக்க பக்குவத்தோடு முலாம்பழங்கள். ஒரு பழத்தின் விலை 20,000 யென்னைத் தாண்டுகிறது. அருகே உள்ள மண்டபத்தில் அமர்ந்தால், அதே பழத்தைத் துண்டு துண்டாக அரிந்து, பாலேட்டோடும் ஐஸ்கிறீமோடும் கண்ணாடிக் கிண்ணத்தில் அடுக்கித் தருவார்கள். மெல்ல மெல்லத்தான் உண்ண வேண்டியிருக்கிறது. விலை அப்படி!

இந்தக் கடையின் கதை விசித்திரமானது. 1834ஆம் ஆண்டில், செம்பிக்கி என்ற கிராமத்திலிருந்து வந்த பென்சோ என்ற சாமுராய் வீரர், தோட்டத்துக் காய்களையும் கனிகளையும் எடோ நகரில் விற்கத் தொடங்கினார். அன்று அவர் தொங்கவிட்ட பலகையில் எழுதியிருந்தது, மலிவு விலையில் பழம் விற்கும் இடம் என்பதே. இரண்டாம் தலைமுறையில்தான் கடை உயர்தரப் பழங்களுக்கு மாறியது. தொகுகாவா ஆட்சிக் குடும்பத்துக்கே பழம் வழங்கும் நிலைக்கு உயர்ந்தது. 1868இல், மெய்ஜி ஆட்சி மலர்ந்த அதே ஆண்டில், பழத்தை அமர்ந்து உண்ணும் உணவகத்தையும் அது திறந்தது. இன்றைய பழ மண்டபங்களுக்கு அதுவே மூதாதை.

அந்தப் பழைய பலகையில் பழத்தைக் குறித்த சொல் 'மிசுகாஷி'. நீர்ப் பண்டம் என்று அதைத் தமிழாக்கலாம். ஆதியில் யப்பானியர் பழத்தையே 'காஷி', அதாவது தின்பண்டம் என்றார்கள். பின்னர் சீனியில் செய்த இனிப்புகள் வந்து அந்தப் பெயரைப் பறித்துக்கொண்டன. பழம் 'நீர்' என்ற அடைமொழியோடு ஒதுங்கிக்கொண்டது. அந்தச் சீனியைப் பெருமளவில் கொண்டுவந்தவை, நாகசாக்கித் துறைமுகத்தின் தெஜிமாத் தீவில் 1641 முதல் தங்கியிருந்த ஒல்லாந்தரின் கப்பல்கள்.

ஒல்லாந்தர் என்றதும் நமது வாவிக்கரை நினைவுக்கு வராமல் போகுமா? தெஜிமாவுக்குப் பல ஆண்டுகள் முன்பே, 1602இல், ஸ்பில்பேர்கன் என்ற ஒல்லாந்தத் தளபதி மட்டக்களப்பில் கரையிறங்கி, கண்டி மன்னன் விமலதர்மசூரியனைக் காணச் சென்றான். 1628இல் புளியந்தீவில் போர்த்துக்கேயர் எழுப்பிய கோட்டை, 1638இல் ஒல்லாந்தர் கைக்கு மாறியது. நாகசாக்கியையும் மட்டக்களப்பையும் ஒரே வணிகக் கூட்டத்தாரின் கடல்வழி ஒரு காலம் இணைத்து வைத்திருந்தது. போர்த்துக்கேயர் விட்டுச்சென்ற அன்னாசியும் கஜுவும் இன்றும் தம் பெயரிலேயே வந்த வழியைச் சொல்லிக்கொண்டிருக்கின்றன.

ஆனால் அதே கடல்வழியில் கிடந்த நம் ஊரில் பழம் கண்ணாடிக் கிண்ணத்துக்கு ஏறவில்லை, மடைக்குச் சென்றது. வைகாசித் திங்களில் கண்ணகை அம்மன் கோயில்களில் திருக்கதவு திறந்து, கண்ணகி வழக்குரை படித்து, நிறைவில் குளிர்த்தி பாடுவதை நீங்கள் அறிவீர்கள். மதுரையை எரித்த சினத்தோடு வந்தவளை ஆயர்குலப் பெண்கள் குளிர்வித்தார்கள் என்பது மரபு. அவளுக்கு முன் பரப்பப்படும் மடையில் வாழைப்பழத்துக்கும் மாம்பழத்துக்கும் விலைச்சீட்டு கிடையாது. அங்கே ஒரு கனி அரியதாவது, அது யாருக்காகப் படைக்கப்படுகிறது என்பதால்.

குளிர்வித்தவர்கள் இடைச்சியர் என்று மரபு சொல்வதில் ஒரு பொருத்தமும் உண்டு. நம் நாட்டின் குளிர்ச்சியான இனிப்பு பழத்தில் இல்லை, எருமைத் தயிரில்தான் இருக்கிறது. பாலைக் காய்ச்சி, இளஞ்சூட்டில் உறை மோரிட்டு, மண்சட்டியில் ஊற்றி மூடிவைப்பார்கள். சட்டியின் நுண்துளைகள் நீரை உறிஞ்ச, தயிர் கத்தியால் வெட்டலாம் போல இறுகுகிறது. உறிஞ்சிய நீர் வெளிப்புறத்தில் ஆவியாக, சட்டி தானாகவே குளிர்கிறது. மின்சாரமும் பனிக்கட்டியும் இல்லாத குளிரூட்டி! மேலே பாணியை ஊற்றினால் செம்பிக்கியாவின் கிண்ணத்துக்குச் சளைக்காது.

அந்த யப்பானிய முலாம்பழம் ஏன் அத்தனை விலை? ஒரு கொடியில் ஒரு காயை மட்டும் விட்டு, மற்றவற்றைக் கிள்ளி எறிந்துவிடுகிறார்கள். கொடியின் இனிப்பு முழுவதும் அந்த ஒன்றுக்கே போகிறது. அதைக் கடைக்காரர் பெருமையோடு சொல்வார். வாங்குபவரும் அந்தக் கதைக்கும் சேர்த்துத்தான் காசு கொடுக்கிறார். நமது தயிர்ச்சட்டியின் கதையை யார் சொல்கிறார்கள்? பெரும்போக வேளாண்மை தொடங்கியதும் வட்டைகளில் மாடு நிற்க முடியாது. படுவான்கரைப் பட்டிக்காரர்கள் மந்தைகளை மேற்கே மயிலத்தமடு, மாதவணை மேய்ச்சல் தரைகளுக்குச் சாய்த்துப் போவார்கள். அந்தத் தரைகளில் வெளியார் பயிர்செய்ய வந்து இடம் பறிபோகிறதென்று, 2023 செப்டெம்பரில் பாற்பண்ணையாளர்கள் சித்தாண்டியில் வீதியோரம் அமர்ந்து போராடத் தொடங்கினார்கள். அன்று எத்தனை வீடுகளில் தயிரை உண்டபடியே அந்தச் செய்தியை வாசித்திருப்பார்கள்? இரண்டையும் எத்தனை பேர் பொருத்திப் பார்த்திருப்பார்கள்?

மலிவுப் பலகையோடு தொடங்கிய கடை, தன் பழம் எந்த மண்ணில், யார் கையால் விளைந்தது என்று சொல்லிச் சொல்லியே உயர்ந்தது. நமக்குப் பளிங்கு மண்டபம் தேவையில்லை. வீதியோரக் கடையில் தயிர்ச்சட்டியை வாங்கும்போது, இது எந்தப் பட்டியின் பால், அந்த மாடுகள் இப்போது எங்கே மேய்கின்றன என்று ஒரு வார்த்தை கேட்டால் போதும். பதில் தெரிந்த கடைக்காரர் உங்களைச் சற்று நேரம் நிறுத்தி வைத்துக் கதை சொல்லுவார். நின்று கேளுங்கள், நேயர்களே.