போக்கிமான் நிலப்பகுப்பும் மருதத் திணையும்

1996 பிப்ரவரியில் ஜப்பானில் வெளியான போக்கிமான் விளையாட்டு, டோக்கியோ புறநகரான மாச்சிதாவில் சதோஷி தஜிரி இளமையில் பூச்சி பிடித்த அனுபவத்திலிருந்து உருவானதாகும். அங்கிருந்த வயல்களும் குளங்களும் நகர விரிவாக்கத்தில் மறைந்தன. அவ்விளையாட்டின் முதல் நிலப்பகுதி, கான்டோ என்னும் உண்மையான நிலப்பகுதியின் பெயரையே தாங்கியது. 2012இல் தொடங்கப்பட்ட போக்கிஎம்எம்ஓ போன்ற, பலர் கூடி ஆடும் சேவையகங்களில் ஆடுநர் ஒவ்வொரு நிலப்பகுதியாக உயிரினங்களைப் பிடித்துச் சேகரித்து முன்னேறுகின்றார்.

நிலத்திற்கேற்ப உயிரினங்களை வகுத்தல் தமிழ் மரபிற்குப் புதிதன்று. தொல்காப்பியம் விலங்கையும் பறவையையும் கருப்பொருளாக வைத்தெண்ணுகிறது. நாற்கவிராச நம்பியின் அகப்பொருள் விளக்கம் மருதத்திற்கு எருமையையும் நீர்நாயையும் உரியனவாக்குகிறது. தஞ்சை வயல்வெளி அம்மருதமே ஆகும். எனினும் இரண்டிற்கும் அடிப்படை வேறுபாடு உண்டு. பூவும் பறவையும் தம் நிலம் நீங்கி வரின், வந்த நிலத்திற்கே உரியனவாகும் என்பது தொல்காப்பியர் கொள்கை. விளையாட்டிலோ பிடிபட்ட உயிரினம் எந்நிலம் சென்றாலும் பிடித்தவரின் உடைமையாகவே நிற்கிறது. முன்னதில் உரிமை நிலத்தினது, பின்னதில் சேகரிப்பவரது.

மாச்சிதாவில் வயல் மறைந்தபின் அதன் நினைவே விளையாட்டாயிற்று. காவிரிப் படுகையில் வயல் இன்றும் உள்ளது. அதனைக் காக்கவே 2020இல் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் இயற்றப்பட்டது. நிலம் அழிந்தபின் எஞ்சும் பட்டியல், திணை ஆகாது என்பதே இவ்வொப்பீட்டால் பெறப்படும் முடிவாகும்.