மாண்டலின்

இத்தாலியிலே தோன்றிய தந்தி வாத்தியம். ஒரே சுருதியில் இணைத்த நான்கு ஜோடித் தந்திகளை வயலினுக்குரிய சுருதிகளிலேயே கூட்டி, சிறு வில்லையொன்றால் மீட்டி வாசிப்பது. பதினெட்டாம் நூற்றாண்டில் நேப்பிள்ஸ் நகரத்து வினாச்சியா குடும்பத்தார் செய்து பரப்பிய, முதுகு குடம்போலக் குவிந்த வடிவமே நெடுங்காலம் பிரசித்தமாயிருந்தது. மீட்டிய ஸ்வரம் விரைவில் தேய்ந்துவிடுவது இதன் பிறவிக்குறையாதலால், நீண்ட ஸ்வரத்தை விரும்பும் வித்வான்கள் மணிக்கட்டைத் தளர்த்தி, வில்லையைக் கீழும் மேலுமாக இடைவிடாது ஓட்டும் ‘டிரெமலோ’ என்னும் பிரயோகத்தைக் கையாளுகின்றனர். அளவு மீறினால் இது செவிக்குச் சலிப்பூட்டும்.

அமெரிக்காவில் கிப்ஸன் கம்பெனி, பலகையை வயலினைப்போல் வளைவாகச் செதுக்கி, லாயிட் லோரின் மேற்பார்வையில் 1922-ல் வெளியிட்ட ‘எஃப்-5’ வேறொரு நாதத்தை அளித்தது. அதனை ஏந்திய பில் மன்றோ, தந்திகளை மீட்டிய மறுகணமே இடக்கை விரல்களைத் தளர்த்தி ஒலியை வெட்டி, தாளத்தின் எதிரடியில் ‘சக்’கென்று விழச்செய்யும் முறையால், மத்தளமில்லாத ‘ப்ளூகிராஸ்’ என்னும் அமெரிக்க நாட்டிசைக் கோஷ்டிக்கு மத்தளக்குறை தோன்றாமற் செய்தார்.

கர்நாடக சங்கீதத்துக்கோ ஸ்வரத்தை அசைத்து இழைக்கும் கமகமே உயிர். ஜோடித் தந்திகளை இழுத்து அசைத்தால் ஒன்றோடொன்று இசையாமற் பிசகும். பாலகொல்லுவிற் பிறந்த உ. ஸ்ரீநிவாஸ் (1969–2014) ஐந்து ஒற்றைத் தந்திகள் கொண்ட மின்சார மாண்டலினைக் கைக்கொண்டு, ஸ்வரத்துக்கு ஸ்வரம் விரலைச் சறுக்கியும், தந்தியை ஓரமாக இழுத்தும், சிறுவயதிலேயே ராக ஆலாபனையை இவ்வாத்தியத்தில் ஸாத்தியமாக்கினார்.