தமிழ்ப் பேச்சில் ஆங்கிலச் சுருக்கங்கள்: தபால் உறையிலிருந்து கைபேசி வரை

திருவில்லிபுத்தூரை அடுத்த வத்திராயிருப்புப் பக்கத்துக் கான்சாபுரம், மதுரை, திருநெல்வேலிச் சீமைகளைக் கிழக்கிந்தியக் கம்பெனியின் சார்பில் நிர்வகித்துப் பின்னர் அதனையே எதிர்த்து 1764இல் மதுரையில் தூக்கிலிடப்பட்ட கான்சாகிபு யூசுப்கானின் பெயரால் அமைந்த ஊர் என்பர். இங்கே 'சாகிபு' என்பதைச் 'சா' எனக் குறுக்கியது ஊரார் நாக்கு. தலைப்பெழுத்துச் சுருக்கம், அதாவது ஒரு தொடரிலுள்ள சொற்களின் முதலெழுத்துகளை மட்டும் எடுத்து வழங்குவது, இதனின்று வேறானது. அது கச்சேரி, தபால், நீதிமன்றம் ஆகியவற்றின் காகிதங்கள் வழியே தமிழ்ப் பேச்சுக்குள் வந்தது.

இவற்றுள் முழுத் தமிழ்ச் சொல்லாகவே மாறிவிட்டது 'ஓசி'. கம்பெனி அலுவல் தொடர்பான கடிதங்கள், 'கம்பெனிப் பணி நிமித்தம்' என்று பொருள்படும் ஆங்கிலத் தொடரின் முதலெழுத்துகளான ஓ.சி.எஸ். என்பதைத் தாங்கித் தபால் கட்டணமின்றிச் சென்றதால், காசு கொடுக்காமல் பெறுவதெல்லாம் 'ஓசி' ஆயிற்று என்பது பரவலாகச் சொல்லப்படும் விளக்கம். பொருள் நிலைபெற்ற பிறகு அதற்குக் காரணம் கற்பிக்கும் இயல்பு மக்கள் விளக்கங்களுக்கு உண்டாதலால் இதையும் சற்று ஐயத்துடன் கொள்வதே முறை. ஆயினும் 'ஓசிச் சோறு', 'ஓசிப் பயணம்' என வலி மிகுந்தும், 'ஓசியில்' என வேற்றுமை உருபேற்றும் நிற்கும் இச்சொல்லில் இன்று எவரும் ஆங்கில எழுத்துகளைக் கேட்பதில்லை. 'ஓ.கே.' என்பதும் 1839இல் பாஸ்டன் நாளேடொன்றில் வேண்டுமென்றே பிழையாக எழுதிய வேடிக்கைத் தொடரின் சுருக்கமாகத் தோன்றியதே என்பதை ஆலன் வாக்கர் ரீட் 1960களில் நிறுவும் வரை, அதற்கும் பலவாறான மூலக் கதைகள் உலவின.

எழுத்து மட்டுமன்றி எண்ணும் சொல்லாகியுள்ளது. 1860ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டத்தில் ஏமாற்றிப் பொருள் பறிப்பதற்குரிய பிரிவான 420, 'அவன் சரியான ஃபோர் ட்வென்டி' என்னும் வசவாயிற்று. குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் கூட்டம் கூடத் தடை விதிக்கும் பிரிவான 144, 'நூத்தி நாப்பத்தி நாலு போட்டுட்டாங்க' என்று சட்டமறியாதவர் வாயிலும் புழங்கியது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய சட்டங்களில் இவை முறையே 318, 163 என மாறியிருப்பினும், யாரையும் 'முந்நூற்றுப் பதினெட்டு' என்று திட்டுவார் எழவில்லை.

ஆங்கிலத்துக்குள் சென்ற இந்தியச் சொற்களைத் தொகுக்க ஆளிருந்தது. சென்னை மாகாண அதிகாரியான பர்னெலும் ஹென்றி யூலும் உருவாக்கிய 'ஹாப்சன்-ஜாப்சன்' 1886இல் வெளிவந்தது. எதிர்த்திசையில் தமிழுக்குள் வந்தவற்றின் விளக்கங்களோ பெரும்பாலும் வாய்மொழியாகவே தங்கின. எழுத்துத் தமிழையே சான்றாகக் கொள்ளும் அகராதி மரபு பேச்சுக்குத் தயங்கியே இடமளித்த நிலையில், இடைசெவல் கி. ராஜநாராயணன் 1982இல் வெளியிட்ட கரிசல் வட்டார வழக்குச் சொல்லகராதி, சம்சாரிகள் சொல்லும் பொருளையே பொருளாக ஏற்றது. வட்டார அகராதிகள் பல அதனைத் தொடர்ந்தன. கொங்கு வட்டாரத்துக்குப் பெருமாள்முருகன் தொகுத்தது அவற்றுள் ஒன்று.

கைபேசிக் குறுஞ்செய்தி இச்சுருக்கங்களைப் பெருக்கியதற்குத் தொழில்நுட்பக் காரணமும் உண்டு. ஒரு செய்திக்குரிய 140 பைட்டுகளில் ரோமன் எழுத்தானால் 160 இடங்களும், யூனிகோடுத் தமிழானால் 70 இடங்களுமே கிடைத்தன. அதிலும் கண்ணுக்கு இரண்டெழுத்தாகத் தெரியும் 'நான்', துணைக்காலும் புள்ளியும் தனித்தனியே எண்ணப்படுவதால் நான்கு இடங்களைப் பிடித்தது. எனவே இளையோர் தமிழையே ரோமன் எழுத்தில் எழுதவும், இரவு வணக்கத்தை 'ஜி.என்.' என முடிக்கவும் பழகினர். அவ்வழியே பரவிய 'டி.பி.', முகப்புப் படத்தைக் குறிப்பது. ஆனால் முந்தைய தலைமுறைக்கு அதே 'டி.பி.' காசநோய். ஆங்கிலத்தில் வெவ்வேறான இவ்விரண்டும் தமிழ் எழுத்தில் ஒன்றாகிவிடுவதால், 'டி.பி. வந்திருக்கு' என்பதையும் 'டி.பி. மாத்திட்டான்' என்பதையும் வினையைக் கொண்டே பிரித்தறிய வேண்டியுள்ளது.