முக்குளிக்கும் பெண்ணுக்கு அளவெடுத்தது யாரு?

(டிஸ்கி: கொஞ்சம் நீளமான பதிவு. காபியோ டீயோ கையில எடுத்துக்கிட்டு உக்காருங்க.)

"ஃப்ரீ சைஸ்"னு எழுதி வச்சிருக்கிற நைட்டியை நம்பி வாங்கின எல்லாருக்கும் தெரியும், உலகத்துல ஃப்ரீ சைஸ்னு ஒண்ணு கிடையவே கிடையாதுன்னு. நைட்டி லூஸா இருந்தா ஒரு ஊக்கு குத்திக்கலாம். தையல் மெஷின்ல ரெண்டு ஓட்டு ஓட்டிக்கலாம். ஆனா 20 மீட்டர் ஆழத்துல, கடலுக்கு அடியில, போட்டிருக்கிற உடுப்பு சரியா இல்லைன்னா? அங்க ஊக்கு கிடைக்காது மக்களே.

ஸ்கூபா உடுப்போட வரலாற்றைக் கொஞ்ச நாளா நோண்டிக்கிட்டிருக்கேன். அதுல பெண் உடம்பு, அதுலயும் கொஞ்சம் பூசினாப்பல இருக்கிற உடம்பு, இல்லைன்னா உழைச்சு உருண்டு திரண்ட உடம்பு, எங்க வருதுன்னு தேடினா ரொம்ப சுவாரசியமான கதை கிடைக்குது. கொஞ்சம் எரிச்சலும் வருது.

கதையை அமெரிக்காவுல ஆரம்பிக்கிறதுதான் வழக்கம். நான் கொரியாவுல ஆரம்பிக்கிறேன்.

கொரியாவுக்குத் தெற்கே ஜேஜு தீவு. அங்க ஹேன்யோ என்று அழைக்கப்படும் கடல் பெண்கள், ஆக்ஸிஜன் சிலிண்டர் எதுவும் இல்லாம மூச்சை அடக்கிக்கிட்டு முங்கி நத்தை, சிப்பி, கடற்பாசி எல்லாம் எடுத்துக்கிட்டு வருவாங்க. 1960களின் நடுவில் 20,000 பேருக்கு மேல இருந்தாங்க. 2010களின் நடுவில் 4,500 பேர் அளவுக்குக் குறைஞ்சு போச்சு, அதுலயும் பெரும்பாலோர் 60 வயசைத் தாண்டினவங்க. 2016ல் யுனெஸ்கோ இவங்க பண்பாட்டை மனிதகுல மரபுப் பட்டியலில் சேர்த்தது.

இவங்க அந்தக் காலத்துல போட்டுக்கிட்டிருந்த உடுப்புக்கு முல்சோஜுங்கின்னு பேரு. சாதாரண பருத்தித் துணி. ஒரு தோளுக்கு மேல ஒரு பட்டை, கீழே அரைக்கால் டவுசர் மாதிரி. விசேஷம் என்னன்னா, ஒரு பக்கம் முழுக்கத் தையல் கிடையாது. திறந்தே இருக்கும், அதை முடிச்சாலயும் துணிப் பொத்தானாலயும் சேர்த்துக் கட்டிக்கணும். உடம்பு பெருத்தா முடிச்சைத் தளர்த்திக்கலாம். இளைச்சா இறுக்கிக்கலாம். இந்தப் பெண்கள் நிறைமாதம் வரைக்கும் கடல்ல இறங்கினவங்க. பிள்ளை வயித்துல இருக்கிறப்பவும் அதே உடுப்பு, பெத்து எடுத்த பிறகும் அதே உடுப்பு. கடல்ல இறங்குறவளே தன் உடம்பைத் தெரிஞ்சுக்கிட்டுத் தைச்ச துணி அது. இதை மனசுல வச்சுக்கோங்க, மேல போவோம்.

முல்சோஜுங்கியில ஒரே ஒரு குறை, குளிர். ஜேஜு சுத்துவட்டாரத்துல குளிர்காலத்துல கடல்தண்ணி ரொம்பவே குளிர்ந்துடும். பருத்தித் துணி எவ்வளவு நேரம் தாங்கும்? கால் மணி, அரை மணி நேரம் முங்கிட்டு, கரையில கல்லடுக்கி வச்சிருக்கிற புல்டொக்குன்னு சொல்ற மறைவுல தீ மூட்டிக் குளிர்காய்ஞ்சுட்டுத் திரும்ப இறங்குவாங்க. 1960களில் உடலியல் ஆராய்ச்சியாளர்கள் ஹாங் சுக்-கியும் ஹெர்மன் ரானும் இவங்களைப் பத்தி விரிவா ஆராய்ஞ்சு எழுதினாங்க. குளிர்காலத்துல இந்தப் பெண்களோட உடம்பு ஓய்வா இருக்கிறப்பவே கூடுதலா எரிபொருள் எரிச்சு வெப்பத்தை உண்டாக்குதுன்னு தெரிஞ்சது. சாதாரணப் பெண்களைவிட ஏறக்குறைய 30 சதவீதம் அதிகம்.

1970களில் ரப்பர் உடுப்பு, அதாவது வெட்சூட், வந்துச்சு. வேலை நேரம் மூணு நாலு மணி நேரம்னு நீண்டது. வருமானம் கூடிச்சு, கூடவே தலைவலியும் உடல் அலுப்பும். 1980களின் தொடக்கத்துல திரும்ப அளந்து பார்த்தா, அந்தக் குளிர் தாங்குற தனித்திறமை உடம்பை விட்டே போயிருந்தது. சில வருஷத்துல! ஒரு உடுப்பு மாறினதும் உடம்பே மாறிடுச்சு. எனக்கு இதைப் படிச்சப்ப புல்லரிச்சுப் போச்சு. (ஜப்பான்ல இதே தொழில் செய்யற ஆமா பெண்களோட சில ஊர்கள்ல வெட்சூட்டுக்கே கட்டுப்பாடு போட்டாங்க. ரொம்ப நேரம் முங்கினா கடல்ல ஒண்ணுமே மிஞ்சாதுன்னு பயம். அது தனிப் பதிவுக்கான விஷயம்.)

சரி, அந்த ரப்பர் உடுப்பு எங்கேர்ந்து வந்துச்சு? இப்ப அமெரிக்கா போகலாம்.

ஹ்யூ ப்ராட்னர். இயற்பியலாளர். முதல் அணுகுண்டைச் செஞ்ச மன்ஹாட்டன் திட்டத்துல வேலை பார்த்தவர், பிறகு பெர்க்லி பல்கலைக்கழகத்துல இருந்தார். அதுவரைக்கும் குளிர்ந்த கடல்ல முங்குறவங்களோட ஒரே எண்ணம், தண்ணி உள்ளே வரக்கூடாது. அதனால மெல்லிய ரப்பர் உறை, உள்ளே கம்பளி. எங்கயாவது கிழிஞ்சா கதை கந்தல். 1951 வாக்குல ப்ராட்னர் யோசிச்சது வேற மாதிரி. உடம்பு நனைஞ்சா நனையட்டும், வெப்பம் போகாம இருந்தா போதும். குட்டிக் குட்டிக் காற்றுக்குமிழ்கள் அடைபட்ட நியோப்ரீன் நுரை அந்த வேலையைச் செய்யும். குளிரைத் தடுக்கிறது உள்ளே புகுற தண்ணி இல்லை, நியோப்ரீனுக்குள்ள இருக்கிற வாயு. மனுஷன் இதுக்குக் காப்புரிமைகூட வாங்கலை. 1952, 53ல் ஜாக் ஓ'நீலும், பில், பாப் மெயிஸ்ட்ரெல் என்ற இரட்டையர்களும் கலிஃபோர்னியாவுல கடை போட்டாங்க. இன்னிக்கு நமக்குத் தெரிஞ்ச ஓ'நீல், பாடி க்ளவ் பிராண்டுகளோட வேர் அங்கதான்.

இங்கதான் "அளவு" என்ற பிரச்சினை உள்ளே வருது. முல்சோஜுங்கி லூஸா இருந்தாலும் ஒண்ணும் ஆகாது. வெட்சூட் அப்படி இல்லை. தோலோடு தோலா ஒட்டினாத்தான் அதுக்கு உயிர். முதுகோட குழிவுல ஒரு இடைவெளி இருந்தா, ஒவ்வொரு அசைவுக்கும் பச்சைத்தண்ணி உள்ளே புகுந்து, உடம்பு சூடாக்கி வச்ச தண்ணியை வெளியே தள்ளிடும். போட்டதும் ஒண்ணு போடாததும் ஒண்ணு. சரி, டைட்டாப் போட்டுக்கலாம்னா? மார்பு விரியாம மூச்சு முட்டும். கழுத்துப்பட்டை இறுகினா, கழுத்து ரத்தக்குழாய் மேல அழுத்தம் விழுந்து இதயத்துடிப்பு குறைஞ்சு தலை சுத்தும். தரையில தலை சுத்தினா உக்காந்துக்கலாம்... போதும், சொல்ல வேண்டியதில்லை.

1950களில் ஒரு நல்ல விஷயம் நடந்துச்சு. நியோப்ரீன் தகட்டையும் வெட்டுற மாதிரிப் படத்தையும் பசையையும் சேர்த்து வித்தாங்க. வீட்லயே வெட்டி ஒட்டிக்கலாம். நம்ம ஊர்ல ப்ளவுஸ் பிட் வாங்கித் தைச்சுக்கிற மாதிரி :-) யாருடைய உடம்போ அவங்க அளவு.

இந்த இடத்துல டாட்டி ஃப்ரேஸியர் என்ற அம்மாவைப் பத்திச் சொல்லியே ஆகணும். 1922ல் பிறந்தவர், கலிஃபோர்னியாக்காரர். 1955ல் லாஸ் ஏஞ்சல்ஸ் கவுண்டி நடத்தின பயிற்சியை முடிச்சு அமெரிக்காவோட முதல் பெண் ஸ்கூபா பயிற்றுநர் ஆனார். அதோட நிக்கலை. லாங் பீச்ல பெங்குவின்னு பேர் வச்சு முக்குளிப்புக் கடை நடத்தினார், வெட்சூட், ட்ரைசூட் எல்லாம் அவரே வடிவமைச்சுத் தயாரிச்சார். 2022ல், நூறு வயசை எட்ட சில மாசம் இருக்கிறப்போ காலமானார். ஜேஜுப் பெண் தன் துணியைத் தானே தைச்சா மாதிரி, கடல்ல இறங்குற ஒரு பெண்ணே உடுப்பும் செஞ்ச காலம் அமெரிக்காவுலயும் இருந்திருக்கு.

அப்புறம் வந்தது ரெடிமேட். ஸ்மால், மீடியம், லார்ஜ். யாரோட மீடியம்? ஆம்பளையோட மீடியம்தான், வேற யாரோட? பல வருஷம் பெண்களுக்குன்னு கிடைச்சது ஆம்பளை அளவோட சின்ன சைஸ். அதுக்கப்புறம் வந்த "பெண்கள் மாடல்" பலதும் அதே உருப்படியில ஓரத்துல ரோஸ் கலர் பட்டை. கடலுக்கு அடியில சிவப்பு நிறமே முதல்ல மறைஞ்சு போகும்கிறது வேற விஷயம், ஹி ஹி.

பெண்கள் முக்குளிக்கத் தயங்கினாங்கன்னு யாரும் சொல்ல முடியாது. 1954ல் ஸேல் பாரி 209 அடி ஆழம் போனார். 1970ல் ஸில்வியா ஏர்ல் தலைமையில ஐந்து பெண்கள் டெக்டைட் திட்டத்துல விர்ஜின் தீவுகள் பக்கம், 15 மீட்டர் ஆழத்துல இருந்த கடலடிக் கூடத்துல இரண்டு வாரம் தங்கி ஆராய்ச்சி செஞ்சாங்க. பத்திரிகைக்காரங்க அவங்களுக்கு வச்ச பேரு "அக்வாபேப்ஸ்". என்னத்தைச் சொல்ல. 1975ல் டானா டோபியாஸ் அமெரிக்கக் கடற்படையோட ஆழ்கடல் முக்குளிப்புப் பள்ளியில தேறின முதல் பெண். அந்தச் செம்புத் தலைக்கவசம் வச்ச மார்க் 5 உடுப்பு 90 கிலோ எடை! அவங்களைவிட உடுப்பு கனம். ஆனா பாருங்க, அந்தப் பழைய கேன்வாஸ் உடுப்புலகூட காலுக்குப் பின்னாடி ஷூ லேஸ் மாதிரி கயிறு கோத்து இறுக்கிக்க வசதி இருந்துச்சு. காத்து காலுக்குள்ள புகுந்து ஆளைத் தலைகீழாத் தூக்கிடக்கூடாதுன்னு வச்ச ஏற்பாடு அது.

இனி பூசினாப்பல உடம்பும் உழைச்ச உடம்பும். என் தோழி ஒருத்தி, கல்லூரி நாள்ல குண்டு எறிதல் வீராங்கனை. தோளைப் பார்த்தா நம்ம பசங்களே ரெண்டடி தள்ளி நிப்பாங்க. ஸ்கூபா கத்துக்கப் போன இடத்துல, எந்த ஊர் எந்தக் கடைன்னெல்லாம் வேணாம், பெண்கள் லார்ஜ் கொடுத்திருக்காங்க. தொடை தாண்டி ஏறலை. ஏறினதும் தோள்ல முதுகு ஜிப் மூடலை. சரின்னு ஆண்கள் லார்ஜ். தோள் சரி, கை நீளம், இடுப்புல ஒரு குடம் தண்ணி பிடிக்கிற அளவு இடம். "மேடம் கொஞ்சம் வெயிட்டைக் குறைச்சுட்டு வாங்களேன்"னு ஆலோசனை வேற. அவ குறைக்க வேண்டியது எதுவுமே இல்லை, எல்லாம் தசை.

அளவு அட்டவணையில இருக்கிறது பெரும்பாலும் உயரமும் எடையும்தான். 80 கிலோ எடையுள்ள ரெண்டு பெண்களை எடுத்துக்கோங்க. ஒருத்திக்கு மார்பும் இடுப்பும் நிறைஞ்ச உடம்பு. இன்னொருத்திக்குத் தோளும் தொடையும். அட்டவணைக்கு ரெண்டு பேரும் ஒண்ணு, கடலுக்கு அப்படி இல்லை. கொழுப்பு தண்ணியைவிட லேசு, மிதக்கும். தசை தண்ணியைவிடக் கனம். அதனால முதல் பெண்ணுக்கு ஈயக்கட்டி கூடுதலாக் கட்டணும், ரெண்டாமவளுக்குக் குறைவாப் போதும். பெரிய சூட்ல நியோப்ரீன் அதிகம், அதுவும் மிதக்கும். ஆழம் போகப் போக நியோப்ரீன் நசுங்கி அந்த மிதப்பு போயிடும், ஏன்னா 10 மீட்டர்லயே அழுத்தம் ரெண்டு மடங்கு. மேல அவளைத் தூக்கிக்கிட்டிருந்த உடுப்பு கீழே கைவிட்டுடும், ஈயம் மட்டும் அப்படியே இருக்கும். அதைச் சமாளிக்கத்தான் காத்து ஊதிக்கிற பிசிடி சட்டை.

அந்தப் பிசிடியும் ஆண் நெஞ்சுக்கு வெட்டினதுதான். தோள்பட்டை நேரா இறங்கி மார்பு மேல அழுத்தும். முதுகு நீளம் அதிகமா இருந்தா சிலிண்டர் தலையில இடிக்கும், இடுப்புப்பட்டை இடுப்புல நிக்காம வயித்துல ஏறிக்கும். காத்து ஊதினா ஜாக்கெட்டே நெஞ்சைப் பிடிக்கும். நிறைஞ்ச மார்புள்ள பெண்ணுக்கு இது சும்மா அசௌகரியம் இல்லை, மூச்சு சம்பந்தப்பட்டது. பெண்களுக்குன்னே வளைஞ்ச தோள்பட்டையும் குட்டை முதுகும் வச்சு ஸீக்வெஸ்ட்டோட டீவா, ஸீகிளோட ஸீனா, மாரெஸோட ஷீ டைவ்ஸ் வரிசைன்னு பிறகு வந்துச்சு. ஆனா பெண்கள் மாடல்னா தோள் குறுகல்னு ஒரு கணக்கு. என் தோழி அங்கயும் அவுட்.

அவளுக்குச் சரியா வந்தது எது தெரியுமா? ஃப்ளோரிடா குகை முக்குளிப்பாளர்கள் வளர்த்தெடுத்த ஒரு ஏற்பாடு. முதுகுல ஒரு உலோகத் தகடு, அதுல கோத்த ஒரே நீளப் பட்டை, பின்னாடி மட்டும் காத்துப் பை. ஆண், பெண், லார்ஜ், ஸ்மால் எதுவும் கிடையாது. உடம்புக்கு ஏத்த மாதிரி பட்டையை இழுத்து இறுக்கணும், இல்லை தளர்த்தணும். நெஞ்சு மேல அழுத்துறதுக்கு ஒண்ணுமே இல்லை. ஜேஜுப் பாட்டியோட பக்கவாட்டு முடிச்சு ஞாபகம் வருதா?

வெட்சூட்டுக்கு அவ கண்டுபிடிச்ச வழி, ரெண்டு துண்டா வாங்குறது. கீழுக்கு ஒரு சைஸ், மேலுக்கு ஒரு சைஸ். முன்பக்க ஜிப் இருந்தா இன்னும் நல்லது, மாட்டுறதுக்கு ஆள் தேட வேண்டாம். இப்ப சில கம்பெனிகள் ஒரே எண்லயே குட்டை, நெட்டை, அகலம்னு பிரிச்சுத் தர்றாங்க. அளவெடுத்துத் தைச்சுக் கொடுக்கிறவங்களும் இருக்காங்க, கழுத்து, புஜம், கெண்டைக்கால்னு ஒரு பெரிய பட்டியலே கேப்பாங்க. விலைதான் கூட. கடையில போட்டுப் பார்க்கிறவங்க நிமிர்ந்து மட்டும் நிக்காதீங்க. குந்துங்க, ரெண்டு கையையும் தலைக்கு மேல தூக்குங்க, ஆழமா மூச்சு இழுங்க, முதுகுக் குழிவுல யாரையாவது கைவச்சுப் பார்க்கச் சொல்லுங்க. நிக்கிறப்பவே அங்க ரப்பர் தூக்கிக்கிட்டிருந்தா வேற சைஸ் கேளுங்க, கூச்சப்படாதீங்க.

இது முக்குளிப்புக்கு மட்டும் வந்த வியாதி இல்லை. 2019 மார்ச்சுல ரெண்டு பெண்கள் சேர்ந்து நடத்தவேண்டிய விண்வெளி நடையில ஆளை மாத்தினாங்க. காரணம், மீடியம் அளவு மேலுடுப்பு அங்க தயாரா இருந்தது ஒண்ணே ஒண்ணு! அந்த வருஷம் அக்டோபர்லதான் க்றிஸ்டினா கோக்கும் ஜெஸிகா மியரும் சேர்ந்து வெளியே வந்தாங்க.

நம்ம ராமநாதபுரம் கரையோரத்துல, பாம்பன் பக்கம், கடற்பாசி எடுக்க முங்குற பெண்களுக்கு இந்த எந்தச் சைஸும் வந்து சேரலை. சேலைக்கு மேல ஆம்பளைச் சட்டையோ டி-ஷர்ட்டோ மாட்டிக்கிட்டு, பாறை கிழிக்காம இருக்க விரலுக்கு விரல் துணியைச் சுத்திக் கட்டிக்கிட்டு இறங்குறாங்க. அந்த விரல்துணி மட்டும்தான் அவங்க உடம்புக்கு அளவெடுத்தது. அவங்களைப் பத்தித் தனியா ஒரு பதிவு எழுதணும், அந்தப் பக்கத்து ஆளுங்க யாராவது இங்க வந்தா பின்னூட்டத்துல சொல்லுங்க.