டி.சி.யும் கோப்பையும்: கல்லூரிக் கால்பந்தில் வீரர் இடமாற்றமும் போட்டிச் சமநிலையும்

கல்லூரி விட்டுக் கல்லூரி மாற வீரர்களுக்குத் தாராளமாக வழிவிட்டால், பணமுள்ள நிறுவனம் எல்லாக் கோப்பைகளையும் அள்ளிக்கொண்டு போய்விடும் என்பது விளையாட்டு நிர்வாகிகளிடம் நெடுநாளாக இருக்கும் நம்பிக்கை. இந்த நம்பிக்கைக்குச் செங்கல்பட்டு மாவட்டம் நல்ல சோதனைக்களம். இங்கே படிப்பின் நடுவே கல்லூரி மாறும் வீரர்கள் அரிது. ஆனாலும் போட்டிச் சமநிலை எப்போதோ குலைந்துவிட்டது. மாற்றத்தைத் தடுப்பதால் சமநிலை வருவதில்லை என்பதும், வீரர்கள் ஓரிடத்தில் குவிவது சேர்க்கை வாசலிலேயே முடிந்துவிடுகிறது என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

இந்தச் சர்ச்சைக்கு வயது அதிகம். அமெரிக்க பேஸ்பாலில் வீரரை ஒரே கிளப்போடு கட்டிப்போட்ட ஒப்பந்த விதியை ஆராய்ந்த சைமன் ராட்டன்பெர்க், 1956இலேயே ஒரு முடிவுக்கு வந்தார். வீரரை விற்கும் உரிமை கிளப்பிடம் இருந்தாலும் சரி, மாறும் உரிமை வீரரிடம் இருந்தாலும் சரி, அவருக்கு எங்கே மதிப்பு அதிகமோ அங்கேதான் அவர் போய்ச் சேருவார். விதி மாறினால் மாறுவது ஒன்றுதான்: பணம் யார் பையில் விழுகிறது என்பது. இதற்குப் பின்னர் எத்தனையோ திருத்தங்கள் வந்துவிட்டன. கல்லூரி விளையாட்டுக்கு இதைப் பொருத்துவதிலும் சிக்கல் உண்டு; கல்லூரிகள் வீரரை வெளிப்படையாக விலைபேசி விற்பதில்லை. ஆயினும் விதியைப் பார்க்காமல் விளைவைப் பார் என்ற அவருடைய அணுகுமுறை நமக்கும் உதவும்.

அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தையே எடுத்துக்கொள்வோம் (நம் ஆட்டமன்று, பந்தைக் கையில் ஏந்தி ஓடும் அவர்களுடைய ஆட்டம்). அங்கே வேறு கல்லூரிக்கு மாறுபவர் பொதுவாக ஓராண்டு களமிறங்காமல் உட்கார வேண்டும் என்ற விதி நெடுங்காலம் இருந்தது. 2018 அக்டோபரில் இடமாற்றப் பதிவேடு வந்தது. 2021இல் ஒருமுறை தடையின்றி மாறலாம் என்றாயிற்று. 2024 ஏப்ரலில் அந்த எண்ணிக்கை வரம்பும் போயிற்று. கட்டு பெரும்பாலும் நீடித்த காலத்தில் சமநிலை இருந்ததா? பட்டத்துக்காக நான்கு அணிகள் மோதும் பிளேஆஃப் முறை நீடித்த 2014 முதல் 2023 வரையிலான பத்துப் பருவங்களில், அலபாமா மட்டும் எட்டு முறை உள்ளே வந்தது. கிளெம்சன் ஆறு முறை. கட்டு அவிழ்ந்த பிறகு நடந்ததைப் பாருங்கள். 2023இல் மூன்றே ஆட்டங்களில் வென்ற இந்தியானா பல்கலைக்கழகம், ஜேம்ஸ் மேடிசன் பல்கலைக்கழகத்திலிருந்து பயிற்சியாளர் கர்ட் சிக்னெட்டியையும், அவர் பின்னால் வந்த பத்துக்கும் மேற்பட்ட வீரர்களையும் சேர்த்துக்கொண்டு, மறு ஆண்டே பதினொன்றில் வென்றது. 2025இல் கலிஃபோர்னியாவிலிருந்து அங்கே மாறிவந்த ஃபெர்னாண்டோ மெண்டோசாவுக்கு நாட்டின் சிறந்த கல்லூரி வீரருக்கான ஹைஸ்மன் விருது கிடைத்தது. ஆட்களைப் பறிகொடுத்த ஜேம்ஸ் மேடிசனும் அழிந்துவிடவில்லை. அதே 2025 பருவத்தில் பன்னிரண்டு அணிகளாக விரிந்திருந்த பிளேஆஃப்புக்குள் அது நுழைந்தது.

இதை வைத்து 'திறந்துவிட்டால் சமநிலை வரும்' என்று முடிவு கட்டினால் அதுவும் அவசரம். எதிர்ச்சான்று கொல்கத்தாவில் இருக்கிறது. பழைய கொல்கத்தா மைதானத்தில் ஆண்டுதோறும் பருவம் தொடங்குமுன் வீரர்கள் கிளப் மாற முடிந்தது. மாற்றக் காலத்தில் எதிரணி கண்ணில் படாமல் ஆட்டக்காரரை ஒளித்துவைத்த கதைகள் அங்கே ஏராளம். 1985இல் கிருஷானு தேயும் விகாஷ் பாஞ்சியும் மோகன் பகானிலிருந்து ஈஸ்ட் பெங்காலுக்கு மாறியதை முதியவர்கள் இன்றும் பேசுகிறார்கள். இத்தனை தாராளம் இருந்தும், 1958இல் ஈஸ்டர்ன் ரயில்வே பட்டம் வென்ற பின் 2019இல் பியர்லெஸ் வெல்லும்வரை, கொல்கத்தா லீக் பட்டம் மூன்று பெரிய கிளப்புகளின் கையை விட்டு நகரவில்லை. கட்டிவைத்த இடத்திலும் குவிப்பு, அவிழ்த்துவிட்ட இடத்திலும் குவிப்பு. இரண்டுக்கும் பொதுவான காரணம் வேறு எங்கோ இருக்க வேண்டும்.

அதைத் தேடச் செங்கல்பட்டு மாவட்டத்தின் ஜி.எஸ்.டி. சாலைக்கு வரலாம். 2019 நவம்பரில் காஞ்சிபுரத்திலிருந்து பிரிந்த இம்மாவட்டத்தில் தாம்பரத்தில் சென்னை கிறித்தவக் கல்லூரி, காட்டாங்கொளத்தூரில் எஸ்.ஆர்.எம்., கடற்கரைப் பக்கம் படூரில் இந்துஸ்தான், மேலக்கோட்டையூரில் தமிழ்நாடு உடற்கல்வியியல் மற்றும் விளையாட்டுப் பல்கலைக்கழகம், செங்கல்பட்டு நகரில் இராஜேஸ்வரி வேதாசலம் அரசு கலைக் கல்லூரி என்று பலவகை நிறுவனங்கள் உள்ளன. இவை ஒரே தரத்துப் போட்டியாளர்கள் அல்ல. கிறித்தவக் கல்லூரி மாணவரும் செங்கல்பட்டு அரசுக் கல்லூரி மாணவரும் பல்கலைக்கழகங்களுக்கிடையிலான போட்டியில் ஆட வேண்டுமானால், சென்னைப் பல்கலைக்கழக அணியில் இடம்பெற வேண்டும். பல இணைப்புக் கல்லூரிகளுக்கும் சேர்த்து அந்த ஓர் அணிதான். எஸ்.ஆர்.எம். போன்ற நிகர்நிலைப் பல்கலைக்கழகமோ ஒரே வளாகத்திலிருந்து தனி அணியாக நேரே களமிறங்குகிறது. சர் அசுதோஷ் முகர்ஜி பெயரிலான அனைத்திந்தியக் கோப்பைக்கான வழி ஒருவருக்குக் குறுகல், இன்னொருவருக்கு அகலம். பன்னிரண்டாம் வகுப்பு முடித்த ஒரு கெட்டிக்காரப் பையன் எதைத் தேர்ந்தெடுப்பான் என்பதற்கு ஆய்வு தேவையில்லை.

தேர்ந்தெடுக்கும் விதத்தைக் கிட்டப் போய்ப் பார்த்தால் விஷயம் இன்னும் தெளிவாகும். மே, ஜூன் மாதங்களில் 'செலக்‌ஷன்' நடக்கும். கோவளம், மாமல்லபுரம், கல்பாக்கம் பக்கத்து மீனவர் குப்பங்களிலிருந்து மணலில் ஆடிப் பழகிய பையன்கள், 'ஃபார்ம்' எனப்படும் விளையாட்டுச் சான்றிதழ்களைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுக்கொண்டு அதிகாலையிலேயே மைதானத்துக்கு வந்துவிடுவார்கள். அரை மணி நேர ஆட்டம், பி.டி. சார் ஒரு தாளில் பெயரைக் குறித்துக்கொள்வார். ஃபீஸ் கிடையாது, ஹாஸ்டல், மெஸ் இலவசம் என்று வாய்வார்த்தை. எந்தப் பாடப்பிரிவு என்பது பிறகுதான் தெரியும். காயம்பட்டால் சலுகை நீடிக்குமா, அணியில் அதே இடத்துக்கு ஏற்கெனவே எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று பையனும் கேட்பதில்லை, கூட வந்த மாமாவும் கேட்பதில்லை. மூன்று ஆண்டுகளுக்கான முடிவு இப்படி எடுக்கப்படுகிறது. ஒரு வீரர் வாழ்நாளில் மிகக் குறைந்த தகவலோடும், மிகக் குறைந்த பேரம் பேசும் வலிமையோடும் நிற்கும் நாள் அதுதான்.

முதலாண்டு முழுக்க பெஞ்சில் உட்கார்ந்த பிறகு தவறான இடத்துக்கு வந்துவிட்டோம் என்று அவனுக்குத் தெரியலாம். அப்போது வழி மறிப்பது டி.சி. எனும் மாற்றுச் சான்றிதழ். சலுகையில் படித்தவன் பாதியில் போனால் இதுவரையிலான கட்டணத்தைக் கட்டு என்று கேட்கும் நிறுவனங்கள் உண்டு. அசல் சான்றிதழ்களைப் பிடித்துவைக்கக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு 2018 அக்டோபரிலேயே அறிவித்துவிட்டது. பள்ளிகள் டி.சி.யைக் கட்டண வசூலுக்கான கருவியாக்கக் கூடாது என்ற பொருளில் சென்னை உயர் நீதிமன்றமும் 2024 ஜூலையில் தீர்ப்பளித்தது. ஆனால் விளையாட்டுச் சலுகையில் சேர்ந்த மாணவருக்கு இவை எட்டியதாகத் தெரியவில்லை. அவர் வழக்குப் போடுகிற ஆள் அல்ல. ராட்டன்பெர்க் ஆராய்ந்த கட்டு, ஒப்பந்தமாக எழுதப்படாமலே நம்மிடம் இயங்குகிறது.

சமநிலையை எப்படி அளப்பது என்ற கேள்வியைத் தவிர்க்க முடியாது. லீக் ஆட்டங்களுக்கு வெற்றி விகிதங்களின் சிதறலை அளக்கும் நோல்–ஸ்கல்லி அளவீடு பொருந்தும். நாக் அவுட் மிகுந்த நம் மண்டலப் போட்டிகளில் ஓர் அணி ஆண்டுக்கு இரண்டே ஆட்டங்கள் ஆடி வெளியேறிவிடும். அங்கே அந்தக் கணக்கு பிதற்றும். கடைசி நான்கில் யார் யார், எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை முகம் மாறுகிறது என்று பார்ப்பதே மேல். இங்கே ஆட்டத்தின் தன்மையும் பேசுகிறது. வாலிபாலில் ஆறு பேர் களத்தில். எட்டு நல்ல ஆட்டக்காரரை ஓரிடத்தில் சேர்த்துவிட்டால் பட்டம் கைக்கெட்டும். எஸ்.ஆர்.எம். அனைத்திந்திய பல்கலைக்கழக வாலிபாலில் பலமுறை வென்றதற்குத் திட்டமிட்ட சேர்க்கையும் ஒரு காரணம் என்பதே என் கணிப்பு. அதில் குற்றமில்லை, விதி அனுமதித்ததை அவர்கள் நன்றாகச் செய்தார்கள். கால்பந்தில் பதினெட்டுப் பேராவது தேவை. குவிப்பு மெதுவாக நடக்கும், ஆனால் நடக்கும். பெஞ்சில் வீணாகும் ஆண்டுகளும் அங்கேதான் அதிகம்.

வீரர் மாற்றத்தைத் திறந்துவிடுவதற்கு வலுவான ஆட்சேபம் ஒன்றுண்டு. சிறிய கல்லூரி இரண்டாண்டு பாடுபட்டு உருவாக்கிய ஆட்டக்காரரை, மூன்றாம் ஆண்டில் பெரிய வளாகம் கொத்திக்கொண்டு போனால் யார் பயிற்சி கொடுப்பார்கள்? தொழில்முறைக் கால்பந்தில் இதற்காக ஃபிஃபா பயிற்சி இழப்பீட்டு முறை வைத்திருக்கிறது. பதிவுபெற்ற கிளப்புகளுக்கான முறை அது, அரசுக் கல்லூரியின் கணக்கில் அதனால் ஒரு பைசா சேராது. ஆட்சேபம் நியாயமானது. ஆனால் இன்றைய நிலையில் அந்தச் சிறிய கல்லூரிக்கு அந்த ஆட்டக்காரர் வருவதே இல்லை. பெரிய அணியின் பெஞ்சில் இருக்கும் பதினேழாமவரும் பதினெட்டாமவரும் சிறிய கல்லூரிக்கு மாற வழியிருந்தால், அது இழப்பதைவிடப் பெறுவது அதிகமாக இருக்கும்.

ஆகவே கட்டுப்போட வேண்டிய இடம் நிறுவனத்தின் சேர்க்கை எண்ணிக்கை. அமெரிக்கர்களே கல்லூரிக் கால்பந்து உதவித்தொகைகளை 105, 95, 85 என்று படிப்படியாகக் குறைத்தவர்கள். நாமும் ஓர் அணிக்கு விளையாட்டுச் சலுகையில் இத்தனை பேர்தான் என்று வரையறுத்து, ஒருமுறை தடையின்றி மாறும் உரிமையையும் கூடவே கொடுக்கலாம். காலமும் நெருங்கிவிட்டது. 2021இல் தொடங்கிய கல்விசார் கிரெடிட் வங்கி, படிப்பின் நடுவே நிறுவனம் மாறும் வாசலை ஏற்கெனவே திறந்துவைத்திருக்கிறது. தமிழ்நாட்டில் அதன் கொள்கை குறித்துக் கருத்துவேறுபாடு இருக்கலாம். நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் யாருக்காகவும் காத்திருக்கப்போவதில்லை.

பல்கலைக்கழகங்களுக்கிடையிலான போட்டிகளை நடத்தும் இந்தியப் பல்கலைக்கழகங்களின் சங்கம் முதலில் செய்ய வேண்டியது செலவில்லாத ஒரு வேலை. போட்டிக்கு வரும் ஒவ்வோர் அணியிலும் எத்தனை பேர் விளையாட்டுச் சலுகையில் சேர்ந்தவர்கள், அவர்கள் எந்த மாவட்டத்திலிருந்து வந்தவர்கள், எத்தனை பேர் ஓர் ஆட்டம்கூட ஆடாமல் பட்டம் பெற்றார்கள் என்பதைப் பெயரில்லாமல், எண்ணிக்கையாக மட்டும் ஆண்டுதோறும் வெளியிடட்டும்.