அண்ணாமலைநகரில் ஈரல் மருந்துச் சோதனை

குடிப்பழக்கம் இல்லாதவரின் கல்லீரலிலும் கொழுப்பு படிந்து புண்ணாகும் என்பதை மருத்துவ உலகம் ஒப்புக்கொண்டது அண்மைக் காலத்தில்தான். 1980-இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கைச் சேர்ந்த யூர்கன் லுட்விக், மது அருந்தாத 20 நோயாளிகளின் ஈரல் திசுவில் குடிகாரர்களுக்கு வருவது போன்ற கொழுப்பும் அழற்சியும் இருந்ததை எழுதினார். அதற்கு முன்பு இத்தகைய ஈரலைப் பார்த்த மருத்துவர், நோயாளி குடியை மறைக்கிறார் என்று எண்ணவும் இடமிருந்தது. இன்று ஸ்கேன் எடுத்தவர்கள் ‘ஃபேட்டி லிவர்’ என்று சாதாரணமாகச் சொல்லிக்கொள்ளும் நோய் இதுதான்.

நோய் புதியதானாலும், ஈரலுக்கு மருந்து தேடும் வழக்கம் சிதம்பரமும் கடலூரும் அடங்கிய பழைய தென்னார்க்காட்டில் நெடுநாள் வேரூன்றியது. மஞ்சள் காமாலை என்றால் கீழாநெல்லி. மழைக்குப் பின் வயல் வரப்பில் தானாக முளைக்கும் அந்தச் செடியை வேரோடு பிடுங்கி, மண் போகக் கழுவி, அம்மியில் அரைத்து, நெல்லிக்காய் அளவு உருட்டி, மோரில் கரைத்து வெறும் வயிற்றில் கொடுப்பார்கள். எண்ணெய், உப்பு, புளி நீக்கிப் பத்தியமும் உண்டு. கண்ணின் மஞ்சள் சில வாரங்களில் மறைந்துவிடும். ஆனால் அசுத்தமான குடிநீரால் பரவும் ஏ, இ வகை வைரஸ் காமாலை, பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் தானாகவே ஆறிவிடக்கூடியது. மருந்து எதுவும் கொடுக்காமல் ஒருவரை விட்டுவைத்து ஒப்பிட்டுப் பார்க்கும் எண்ணம் எந்த வீட்டிலும் எழவில்லை, எழவும் முடியாது. எனவே குணமானதில் இலைக்கு எவ்வளவு பங்கு, உடம்புக்கு எவ்வளவு பங்கு என்று பிரித்தறிய வழியில்லாமல் போயிற்று. ஈரல் மருந்துச் சோதனையின் வரலாறு முழுவதும் இந்த ஒரு சிக்கலையே சுற்றிவருகிறது.

தமிழ்நாட்டில் அதை நேராக எதிர்கொண்ட முதல் பெரிய முயற்சி சென்னையில் நடந்தது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் நுண்ணுயிரியலாளர் எஸ்.பி. தியாகராஜன், ஹெபடைடிஸ் பி வைரஸைக் கண்டறிந்து 1976-இல் நோபல் பரிசு பெற்ற பாருக் பிளம்பர்க்குடன் இணைந்து, அந்த வைரஸை நாள்பட்டுச் சுமப்பவர்களுக்குக் கீழாநெல்லிப் பொடியைக் கொடுத்துப் பார்த்தார். ஒரு வேளைக்கு 200 மில்லிகிராம், நாளைக்கு மூன்று வேளை, 30 நாள். ஒரு பிரிவினருக்கு மருந்து, மற்றொரு பிரிவினருக்கு மருந்தில்லாத தூள். சிகிச்சைக்குப் பின் ஆய்வு செய்தபோது மருந்து உண்ட 37 பேரில் 22 பேரின் இரத்தத்தில் வைரஸின் மேலுறைப் புரதம் காணப்படவில்லை. வெறும் தூள் உண்ட 23 பேரில் ஒருவருக்கே அப்படி ஆயிற்று. 1988-இல் ‘லான்செட்’ இதழ் இதை வெளியிட்டபோது உலகமே திரும்பிப் பார்த்தது. வரப்புச் செடி பன்னாட்டு ஆய்வேட்டில் ஏறிய நாள் அது.

அந்த மகிழ்ச்சி நீடிக்கவில்லை. தாய்லாந்திலும் நியூசிலாந்திலும் அடுத்தடுத்து நடந்த சோதனைகளில் அதே விளைவு கிடைக்கவில்லை. செடியின் இனம் வேறா, விளைந்த மண் வேறா, பறித்த பருவம் வேறா என்று விவாதம் நடந்தது. பார்வைக்கு ஒன்றுபோலவே தோன்றும் கீழாநெல்லி இனங்கள் பல இருப்பதால் அந்தக் கேள்விகளில் நியாயமும் இருந்தது. ஆயினும் ஒரு சோதனையின் முடிவு வேறோர் ஊரிலும் திரும்பக் கிடைத்தால்தான் அதற்கு மதிப்பு என்ற பாடம் அப்போது பதிந்தது.

அண்ணாமலைநகர் அமைந்த சிதம்பரத்தின் பங்கு தொடங்குவது இங்கேதான். ராஜா சர் அண்ணாமலைச் செட்டியார் 1920-இல் தொடங்கிய மீனாட்சி கல்லூரியிலிருந்து வளர்ந்து, 1929-இல் உருவானது அண்ணாமலைப் பல்கலைக்கழகம். 1985-இல் அதே வளாகத்தில் ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரி வந்தது. அறிவியல் புலத்தின் உயிர்வேதியியல் துறையும், மருத்துவக் கல்லூரியின் மத்திய விலங்குக் கூடமும் ஒரே வளாகத்துக்குள் அமைந்தது தற்செயலான வசதி. ஆனால் துறையின் ஆராய்ச்சிப் போக்கையே அது தீர்மானித்தது. எலி கிடைத்தது, மருந்தாக வைத்துப் பார்க்கத் தாவரப் பொருள்கள் கிடைத்தன, முனைவர் பட்டத்துக்கு மாணவர்கள் வந்துகொண்டே இருந்தார்கள். வேணுகோபால் பி. மேனன் வழிகாட்டிய குழு, எலிகளுக்கு எரிசாராயத்தோடு, காய்ச்சிக் காய்ச்சிக் கெட்டுப்போன நிலைக்குக் கொண்டுவந்த சூரியகாந்தி எண்ணெயையும் கொடுத்து ஈரலைப் புண்ணாக்கி, மஞ்சளிலுள்ள குர்குமினும் தானியங்களிலுள்ள ஃபெருலிக் அமிலமும் அதைத் தடுக்கின்றனவா என்று 2000-க்குப் பிந்தைய ஆண்டுகளில் ஆராய்ந்தது. திரும்பத் திரும்பக் காய்ச்சிய எண்ணெயைக் கூண்டுக்குள் கொண்டுபோனதில் ஊர் வாழ்க்கையைக் கவனித்த கண் தெரிகிறது.

மதுவை விட்டுச் சர்க்கரையால் வரும் ஈரல் கொழுப்புக்கு நகர்ந்தது அதே துறையின் சி.வி. அனுராதாவின் குழு. இவர்கள் எலிகளுக்கு 60 விழுக்காடு ஃபிரக்டோஸ் கலந்த உணவைக் கொடுத்தார்கள். ஃபிரக்டோஸை ஈரல்தான் பெருமளவில் கையாள வேண்டியிருக்கிறது. அளவு மீறினால் அது கொழுப்பாக மாறி அங்கேயே தங்கும், இன்சுலினுக்கு உடல் செவிசாய்க்காமலும் போகும். நாம் உண்ணும் வெள்ளைச் சர்க்கரையில் சரிபாதி ஃபிரக்டோஸ்தான். நாட்டின் மிகப் பழைய சர்க்கரை ஆலைகளுள் ஒன்றான நெல்லிக்குப்பம் பாரி ஆலை இதே கடலூர் மாவட்டத்தில், கடலூர் நகரை ஒட்டி 1842 முதல் இருந்துவருகிறது. சர்க்கரை விளையும் மாவட்டத்திலேயே சர்க்கரையின் கேட்டை எலியில் அளந்தார்கள் என்பது யாரும் திட்டமிடாத பொருத்தம். டாரின் என்ற அமினோ அமிலம், சோயாவிலுள்ள ஜெனிஸ்டீன், கடல்வாழ் உயிர்களின் சிவப்பு நிறமியான அஸ்டாசாந்தின் எனப் பல பொருள்கள் வரிசையாகச் சோதிக்கப்பட்டன. பின்னாளில் ஃபிரக்டோஸோடு கொழுப்பும் சேர்த்த உணவு எலிகளுக்கும் சுண்டெலிகளுக்கும் கொடுக்கப்பட்டது.

சோதனை நாள்களின் ஒழுங்கு ஏறக்குறைய மாறாதது. விஸ்டார் இனத்து வெள்ளெலிகளைக் குழுக்களாகப் பிரிப்பார்கள். ஒன்றுக்குச் சாதாரண தீவனம், ஒன்றுக்கு ஃபிரக்டோஸ் மட்டும், ஒன்றுக்கு ஃபிரக்டோஸோடு மருந்து, இன்னொன்றுக்குச் சாதாரணத் தீவனத்தோடு மருந்து. கடைசிக் குழு, மருந்தே தீங்கு செய்கிறதா என்று பார்ப்பதற்கு. காலக்கெடு முடிந்ததும் இரவு பட்டினி போட்டு, மறுநாள் காலை இரத்தமும் ஈரலும் எடுக்கப்படும். ஈரலின் ஒரு துண்டு குளோரோஃபார்ம் இரண்டு பங்கும் மெத்தனால் ஒரு பங்கும் சேர்ந்த கலவையில் அரைக்கப்படும். ஃபோல்ச் என்பவர் 1957-இல் வகுத்த முறை அது. கொழுப்பு கரைந்து வெளியே வர, டிரைகிளிசரைடு அளவைக் கணக்கிடுவார்கள். இரத்தத்தில் ஈரல் பாதிப்பைக் காட்டும் எஸ்ஜிஓடி, எஸ்ஜிபிடி நொதிகளைப் பார்ப்பார்கள். மற்றொரு துண்டு ஃபார்மலினில் ஊறி, மெழுகில் பதிந்து, மெல்லிய சீவலாகி நுண்ணோக்கிக்கு வரும். மெழுகில் பதிக்கும் முன் ஆல்கஹாலிலும் சைலீனிலும் முக்குவதால் கொழுப்பு கரைந்துபோய்விடும். எனவே கண்ணுக்குத் தெரிவது கொழுப்பு அல்ல, கொழுப்பு இருந்த வெற்றுக் குழிகள். கொழுப்பையே நேரில் காண, திசுவை உறையவைத்துச் சீவி ‘ஆயில் ரெட் ஓ’ சாயத்தில் நனைக்க வேண்டும்; அப்போது துளிகள் செக்கச்செவேலென்று தெரியும்.

இந்தியாவில் விலங்குச் சோதனைக்கான விதிகள் 1998-இல் வந்தன. ஒவ்வொரு விலங்குக் கூடமும் மத்தியக் குழுவில் பதிவு பெற வேண்டும். ஒவ்வொரு ஆய்வும் நெறிமுறைக் குழுவின் ஒப்புதலைப் பெற வேண்டும். அண்ணாமலைப் பல்கலைக்கழகக் கூடத்தின் பதிவெண் 160/1999. அங்கிருந்து வெளிவந்த ஆய்வுக் கட்டுரை பலவற்றில் அந்த எண் தவறாமல் அச்சாகியிருக்கும்.

முடிவுகளைத் தொகுத்துப் பார்த்தால் ஓர் உறுத்தல் எழும். எலியில் சோதித்த பொருள்களில் பெரும்பாலானவை வேலை செய்தன. இதற்கு ஆய்வாளர்களின் கவனக்குறைவு காரணமல்ல. சோதனையின் அமைப்பே காரணம். ஃபிரக்டோஸ் கொடுக்கத் தொடங்கியபோதே, அல்லது சில நாள் கழித்து, மருந்தும் கொடுக்கப்பட்டுவிடும். இது வரும் நோயைத் தடுப்பதே தவிர, வந்த நோயைத் தீர்ப்பது ஆகாது. மனிதரோ பத்துப் பதினைந்து ஆண்டு கொழுப்பைச் சுமந்த பிறகே மருத்துவரிடம் வருகிறார். மேலும், ஃபிரக்டோஸ் எலிக்கு ஈரலில் கொழுப்பு ஏறும். உயிருக்கு ஆபத்தான தழும்பு எளிதில் விழாது. எலிக்குப் பித்தப்பையே கிடையாது என்பதும் நினைவில் கொள்ளத்தக்கது. அந்த ஆய்வுகள், கொழுப்பு எந்த வழியாகச் சேர்கிறது, இன்சுலினின் சமிக்ஞை எங்கே அறுபடுகிறது என்பதை விளக்கிய அளவுக்கு மதிப்புடையவை. மருந்துக் கடைக்கு வழிகாட்டியவை என்று சொல்வதற்கில்லை.

எலியிலிருந்து மனிதருக்குப் போகும்போது பழைய சிக்கல் திரும்பவும் வந்து நின்றது. 2010-இல் வெளியான ‘பிவென்ஸ்’ என்னும் அமெரிக்கச் சோதனையில், சர்க்கரை நோய் இல்லாத 247 பேர் 96 வாரம் வைட்டமின் ஈ, பயோகிளிட்டசோன், வெற்று மாத்திரை ஆகியவற்றில் ஒன்றை உண்டார்கள். வைட்டமின் ஈ உண்டவர்களில் 43 விழுக்காட்டினருக்கு ஈரல் தேறியது. வெற்று மாத்திரை உண்டவர்களிலும் 19 விழுக்காட்டினருக்குத் தேறியது! ஐந்தில் ஒருவர் மருந்தில்லாமலே முன்னேறும் நோயில், ஒப்பீட்டுக் குழு இல்லாத சோதனைக்குப் பொருளே இல்லை. அதற்கும் முன்பு 2004-இல், பித்தநீர் மருந்தான உர்சோடியாக்சிகோலிக் அமிலம் 166 பேரிடம் இரண்டு ஆண்டு சோதிக்கப்பட்டு, வெற்று மாத்திரையைவிட மேலானதல்ல என்று முடிவானது. நம் ஊர் மருந்துச் சீட்டுகளிலிருந்து அது மறையவில்லை என்பது வேறு கதை. அளப்பதும் கடினம். உண்மை நிலையை அறிய விலாவுக்குள் ஊசி செலுத்தித் திசு எடுக்க வேண்டும். அப்படி எடுப்பது முழு ஈரலில் ஐம்பதாயிரத்தில் ஒரு பங்குதான்.

நோயின் பரப்போ சிறியதல்ல. சென்னையில் டாக்டர் வி. மோகனின் குழு 541 பேரை ஸ்கேன் செய்து 2009-இல் வெளியிட்ட ஆய்வில் 32 விழுக்காட்டினருக்கு ஈரல் கொழுப்பு இருந்தது; சர்க்கரை நோயாளிகளில் அது பாதிக்கும் மேல். மத்திய அரசு 2021 பிப்ரவரியில் தொற்றா நோய்த் தடுப்புத் திட்டத்தில் இந்த நோயையும் சேர்த்தது. ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரியும் அதே 2021-இல் மாநிலச் சுகாதாரத் துறையின் கைக்கு வந்து, கடலூர் மாவட்டத்தின் அரசு மருத்துவக் கல்லூரி ஆனது.

இந்தியாவில் இந்த நோய்க்கு உரிமம் பெற்ற முதல் மருந்து, அகமதாபாத்தின் சைடஸ் நிறுவனம் உருவாக்கிய சாரோகிளிட்டசார். சர்க்கரை நோயாளிகளின் இரத்தக் கொழுப்பைக் குறைக்க 2013-இல் கடைக்கு வந்த அந்த மாத்திரைக்கு, ஈரல் கொழுப்பு அழற்சிக்கான ஒப்புதல் 2020 மார்ச்சில் கிடைத்தது. அமெரிக்கா தன் முதல் ஒப்புதலை 2024 மார்ச்சில்தான் ரெஸ்மெடிரோம் மருந்துக்குக் கொடுத்தது. 966 பேர் பங்கேற்ற அம்மருந்தின் சோதனையில், கூடுதல் அளவு மருந்து உண்டவர்களிலும் அழற்சி தீர்ந்தவர்கள் பத்தில் மூன்று பேர். வெற்று மாத்திரையில் பத்தில் ஒருவர். மருந்தல்லாத வழியைப் பார்த்தால், கியூபாவில் 293 பேரைக் கவனித்து 2015-இல் வெளியான ஆய்வில், உடல் எடையில் 10 விழுக்காடோ அதற்கு மேலோ குறைத்தவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு அழற்சி தீர்ந்திருந்தது. அத்தனை எடை குறைக்க முடிந்தவர்கள் சிலரே. அண்ணாமலைநகர் எலிகளிடம் வெற்றி பெற்ற டாரின், ஜெனிஸ்டீன், அஸ்டாசாந்தின் ஆகியவற்றில் ஒன்றும் இந்த நோய்க்கென உரிமம் பெற்ற மருந்தாகவில்லை.